பட்டில் எழுதிய வாக்கு

(காஞ்சிபுரத்தில் நெசவாளர்களும் ஆசிரியர்களும் கூடிய மே தினக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பட்டு நெய்கிற ஊரில் பட்டைப் பற்றிப் பேச வாய்ப்புக் கிடைத்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. பாவு பிடிக்கவும் நாடா ஓட்டவும் தெரிந்த கைகள் இந்த அவையில் நிறைய இருக்கின்றன. நான் இன்று பேசப் போவது உடுத்துகிற பட்டைப் பற்றி இல்லை. நூற்றைம்பது, இருநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் சுரங்கத்திலும் பட்டறையிலும் துறைமுகத்திலும் உழைத்தவர்கள், வாரக் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, தெருவில் தூக்கிச் செல்வதற்கென்றே வாங்கிய பட்டு அது. அவர்களுடைய தொழிற்சங்கப் பதாகை.

பதாகை என்றதும் கம்பத்தில் பறக்கும் சிறு கொடியை நினைத்துவிட வேண்டாம். ஓர் அறையின் சுவரையே பெயர்த்துக்கொண்டு வந்ததுபோல் இருக்கும். 10 அடி, 12 அடி என்று அகலம்; ஏறக்குறைய அதே உயரம். ஆறு பேர் சேர்ந்தால்தான் அதை நடத்திச் செல்ல முடியும். இரண்டு கம்பங்களை இருவர் பிடிப்பார்கள். தோளிலிருந்து இறங்கும் தோல் வாரின் நுனியில் கிண்ணம்போல் ஒன்று இருக்கும். கம்பத்தின் அடி அதில் ஊன்றும். கம்பத்தின் தலையிலிருந்து முன்னால் இரண்டு கயிறு, பின்னால் இரண்டு கயிறு. கயிறு பிடிப்பவர்கள் காற்றின் போக்கைப் பார்த்து இழுத்தும் தளர்த்தியும் வருவார்கள். ஒருவர் கவனம் தவறினாலும் அந்தப் பட்டு பாய்மரமாக மாறி மற்ற ஐந்து பேரையும் இழுத்துக்கொண்டு போய்விடும். ஒற்றுமையைப் பற்றி அதில் என்ன எழுதியிருந்தாலும், அதைத் தூக்கி நடப்பதே ஒற்றுமைப் பயிற்சிதான்.

என்னை நெடுநாளாகத் துளைத்த கேள்வி ஒன்று உண்டு. வாரக் கடைசியில் அடுப்பெரிக்கக் காசு இருக்குமா என்று கவலைப்பட்டவர்கள் எதற்காகப் பட்டு வாங்கினார்கள்? பருத்தித் துணி போதாதா? அந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடையைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

தடைக்காலத்துச் சின்னங்கள்

1799லும் 1800லும் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இரண்டு சட்டங்களை இயற்றியது. கூலி உயர்வுக்காகவோ வேலை நேரத்தைக் குறைக்கவோ தொழிலாளர்கள் கூடுவது குற்றம் என்றன அந்தச் சட்டங்கள். 1824இல்தான் அவை நீக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் சங்கம் வைத்தவர்கள் என்ன செய்தார்கள்? சட்டம் அனுமதித்த ஒரு போர்வைக்குள் புகுந்துகொண்டார்கள். நோயில் விழுந்தவனுக்குப் பணம், செத்தவனுக்கு அடக்கச் செலவு என்று உதவும் பரஸ்பர உதவிச் சங்கங்களை 1793ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றிருந்தது. சாராயக் கடையின் மாடி அறையில் அவை கூடும். பூட்டிய பெட்டியில் சந்தாப் பணம் இருக்கும். பல தொழிற்சங்கங்கள் இந்த வேடத்தில்தான் உயிர் பிழைத்தன.

சின்னங்களும் அங்கிருந்தே வந்தன. ஒன்றையொன்று பற்றிய இரு கைகள், எல்லாவற்றையும் பார்க்கும் ஒற்றைக் கண், தேன்கூடு ஆகியவை உதவிச் சங்கங்களும் ஃப்ரீமேசன் சபைகளும் ஏற்கெனவே வைத்திருந்தவை. அதற்கும் பழைய ஊற்று ஒன்று உண்டு: கைவினைக் குழுமங்களின் முத்திரைகள். லண்டன் நெசவாளர் குழுமத்துக்கு 1155ஆம் ஆண்டிலேயே அரச சாசனம் கிடைத்துவிட்டது. அதன் முத்திரையில் சிறுத்தைத் தலைகள் இருக்கின்றன. ஒவ்வொரு சிறுத்தையும் வாயில் எதைக் கவ்வியிருக்கிறது தெரியுமா? நெசவு நாடாவை. தறியில் உட்கார்ந்தவன் தன் கருவியைச் சிங்கத்துக்கும் சிறுத்தைக்கும் நிகராக வைத்துப் பார்த்த காலம் அது. குழுமங்கள் முதலாளிகளின் கைக்குப் போன பிறகு, கூலிக்கு நெய்தவர்களும் தச்சர்களும் தகர வேலைக்காரர்களும் இந்தச் சின்னங்கள் தங்களுக்கும் உரியவை என்று எடுத்துக்கொண்டார்கள்.

இன்று உலகில் மிஞ்சியிருக்கும் தொழிற்சங்கப் பதாகைகளில் மிகப் பழையது மான்செஸ்டரில் உள்ள மக்கள் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லிவர்பூல் நகரத் தகர வேலைத் தொழிலாளர்களுடையது, ஆண்டு 1821. தடைச் சட்டம் நீங்குவதற்கு மூன்று ஆண்டுகள் முந்தையது. கூடுவதே குற்றமாக இருந்த நாளில் அவர்கள் தங்கள் தொழிலின் பெயரைத் துணியில் எழுதியிருக்கிறார்கள்.

துணிக்கு இருந்த ஆபத்தையும் சொல்ல வேண்டும். 1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டரின் செயின்ட் பீட்டர் திடலில் வாக்குரிமை கேட்டு ஏறக்குறைய 60,000 பேர் கூடினார்கள். ஊர் ஊராக அணிவகுத்து, கொடிகளோடு, பிள்ளைகுட்டிகளோடு வந்தார்கள். குதிரைப்படை வாளோடு கூட்டத்துக்குள் புகுந்தது. பீட்டர்லூ படுகொலை என்று வரலாறு அதைச் சொல்கிறது. குதிரைவீரர்கள் தேடித் தேடி வெட்டியவற்றில் கொடிகளும் உண்டு. மிடில்டன் என்ற ஊரிலிருந்து பச்சைப் பட்டுப் பதாகையைத் தூக்கி வந்தவர் தாமஸ் ரெட்ஃபோர்ட். அவர் தோளில் வெட்டு விழுந்தது. 1822இல் படைத் தலைவன்மீது வழக்குத் தொடுத்தார், தோற்றார். அந்தப் பச்சைப் பட்டு மட்டும் தோற்கவில்லை. ஒற்றுமையையும் வலிமையையும் தங்க எழுத்துகளில் ஏந்தியபடி இன்றும் இருக்கிறது. அது அரசியல் சீர்திருத்தக்காரர்களின் பதாகைதான், சங்கத்துடையது இல்லை. ஆனால் பின்னால் வந்த சங்கங்கள் பாடம் படித்தது அந்தத் திடலில்தான்.

உறுதிமொழி குற்றமான கதை

1834ஆம் ஆண்டுக்கு வருவோம். டார்செட் மாவட்டத்தில் டால்படில் என்று ஒரு சிற்றூர். அங்கே விவசாயக் கூலிகளின் வாரக் கூலி 9 ஷில்லிங்கிலிருந்து 8 ஆகி, 7 ஆகி, இனி 6தான் என்ற நிலை வந்தது. ஜார்ஜ் லவ்லெஸ் என்பவரும் அவரோடு ஐந்து பேரும் சங்கம் அமைத்தார்கள். புதிதாகச் சேர வந்தவர்களின் கண்ணைக் கட்டி அறைக்குள் அழைத்துப் போய், கட்டை அவிழ்த்து, ஓர் எலும்புக்கூட்டின் ஓவியத்தைக் காட்டினார்கள். சாவை நினைவில் வைத்து, சங்கத்துக்கு உண்மையாக இருப்பேன் என்று அவர்கள் உறுதி சொன்னார்கள்.

அப்போது சங்கம் அமைப்பது குற்றம் இல்லை. தடைச் சட்டம் போய்ப் பத்தாண்டு ஆகிவிட்டது. எனவே அரசு வேறொரு பழைய சட்டத்தைத் தேடி எடுத்தது. இரகசிய உறுதிமொழி எடுத்தது குற்றம் என்று சொல்லி, ஆறு பேரையும் ஏழாண்டு நாடுகடத்தி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. சங்கம் வைத்ததற்காக அவர்களைத் தண்டிக்க முடியவில்லை. ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்ததற்காகத் தண்டித்தார்கள்.

அதே ஆண்டு ஏப்ரல் 21 அன்று லண்டனில் பல்லாயிரம் தொழிலாளர்கள் கோபன்ஹேகன் திடலில் திரண்டார்கள். ஒவ்வொரு தொழிலும் தன் பதாகையின் பின்னால் ஒழுங்காக நடந்தது. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனுவைக் கொண்டுபோனார்கள். இத்தனை பெரிய கூட்டத்தோடு வந்தால் வாங்க மாட்டேன் என்றார் உள்துறை அமைச்சர் மெல்போர்ன். ஆனாலும் கிளர்ச்சி ஓயவில்லை. 1836இல் அரசு ஆறு பேருக்கும் மன்னிப்பு வழங்க வேண்டியதாயிற்று.

எனக்குக் கிடைத்த விடை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பூட்டிய அறையில் சொன்ன வாக்கு குற்றம் என்றார்கள். சரி, ஊரறியச் சொல்கிறோம் என்று தொழிலாளர்கள் அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். பதாகை என்பது ஊரறியச் சொன்ன உறுதிமொழி. கோரிக்கை அதில் பிறகுதான் ஏறியது. உனக்கு நோய் வந்தால் நான் இருக்கிறேன், நீ செத்தால் உன் பிள்ளைகள் பட்டினி கிடக்க மாட்டார்கள் என்று ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளிக்குச் சொன்னதுதான் அதில் முதலில் எழுதப்பட்டது. கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கிற மக்களாகிய நமக்கு, வாக்குக் கொடுக்கிற நாளில் ஏன் பட்டு வேண்டியிருக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு கொல்லர் வரைந்த படம்

1851இல் பல பொறித் தொழிலாளர் சங்கங்கள் இணைந்து ஒரே பெரிய சங்கமாயின. வாரம் ஒரு ஷில்லிங் சந்தா. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. உறுப்பினர் வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கு ஒரு சின்னம் வேண்டும் என்று சங்கம் போட்டி வைத்தது. வென்றவர் ஜேம்ஸ் ஷார்ப்பிள்ஸ். ஓவியக் கல்லூரியில் படித்தவர் இல்லை. பரி என்ற ஊரில் இரும்பு வேலை செய்த கொல்லர். பகலெல்லாம் உலைக்களத்தில் நின்றுவிட்டு மாலையில் தானாக ஓவியம் கற்றவர். செதுக்குவதற்கு வேண்டிய கருவிகளையும் தன் கையாலேயே அடித்துக்கொண்டவர்.

அவர் வரைந்த சின்னத்தில் நீராவி எந்திரத்தின் ஜேம்ஸ் வாட், நூற்பு எந்திரங்களின் கிராம்ப்டன், ஆர்க்ரைட் ஆகியோரின் முகங்கள் இருக்கின்றன. கூடவே ஒரு காட்சி. போர்க் கடவுளான மார்ஸ், முறிந்த தன் வாளை ஒரு கொல்லனிடம் நீட்டுகிறான். கொல்லன் அதைச் செப்பனிட மறுக்கிறான். இந்தக் காட்சியை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். வாளைச் செய்யத் தெரிந்தவன் ஒருவன், செய்ய மாட்டேன் என்று சொல்கிறான். கடவுளே வந்து கேட்டாலும் தன் கைத்திறனை எதற்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பவன் அவன்தான். தொழிற்சங்கம் என்ற கருத்து முழுவதும் அந்த ஒரு மறுப்பில் அடங்கியிருக்கிறது.

இந்தச் சின்னம் சான்றிதழாக அச்சாகி வீடுகளில் தொங்கியது. பெரிதாக்கப்பட்டுப் பதாகைகளில் ஏறியது. மற்றச் சங்கங்களும் இதே வழியில் வந்தன. தச்சர்கள் தங்கள் சின்னத்தின் நடுவே நாசரேத்து யோசேப்பை வைத்தார்கள். இயேசுவை வளர்த்த தச்சரைவிடத் தங்கள் தொழிலுக்குப் பெருமை சேர்த்தவர் யார் இருக்கிறார் என்பது அவர்கள் எண்ணம்.

இன்னொரு சின்னத்தையும் சொல்லாமல் போக முடியாது: கட்டிய குச்சிகள். தந்தை தன் பிள்ளைகளிடம் குச்சிக் கட்டைக் கொடுத்து முறிக்கச் சொன்ன ஈசாப் கதை நம் ஆரம்பப்பள்ளிப் பாடப் புத்தகத்திலும் உண்டு. பிரிட்டனின் எத்தனையோ பதாகைகளில் அந்தக் குச்சிக் கட்டு இருக்கிறது. படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த கூட்டத்தில் ஒரு படம் ஒரு நொடியில் சொல்லிவிட வேண்டும். குழந்தைக்கும் தெரிந்த கதைதான் அதற்குத் தோதானது.

டூட்டிலின் தறி

இப்போது கைத்தொழிலுக்கு வருகிறேன். இந்தப் பகுதியை என்னைவிட நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்வீர்கள்.

1817இல் யார்க்‌ஷயர் பகுதியின் ஹவ்டன் என்ற ஊரில் பிறந்தவர் ஜார்ஜ் டூட்டில். 1837இல் பதாகை செய்யும் தொழிலைத் தொடங்கினார். பின்னர் லண்டன் சிட்டி ரோட்டில் அவருடைய பட்டறை இயங்கியது. பிரிட்டனில் உருவான தொழிற்சங்கப் பதாகைகளில் நான்கில் மூன்று பங்கு இவருடைய நிறுவனத்திலிருந்து வந்தவை என்று சொல்கிறார்கள். மான்செஸ்டரில் ஹென்றி வைட் போன்ற வேறு சிலரும் இருந்தார்கள். ஆனால் டூட்டில் பெயர்தான் இந்தக் கலைக்கே பெயராயிற்று.

பட்டில் எண்ணெய் வண்ணம் தீட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. வண்ணம் காய்ந்தால் கெட்டியாகும். பட்டைச் சுருட்டினால் வெடிக்கும். பதாகையையோ சுருட்டாமல் வைக்க முடியாது. 1861இல் டூட்டில் இதற்கு ஒரு வழிமுறை கண்டு காப்புரிமை வாங்கினார். பட்டை மரச் சட்டத்தில் மேளத் தோல்போல் இழுத்துக் கட்டுவார்கள். அதன்மேல் ரப்பர்க் கரைசலைப் பூசி, அந்தப் பூச்சின்மீது வண்ணத்தைத் தீட்டுவார்கள். ரப்பர் வளைவதால் வண்ணமும் வளைந்துகொடுக்கும். மழையில் நனைந்தாலும், காற்றில் அறைந்தாலும், ஆண்டுக்கணக்கில் சுருட்டி விரித்தாலும் படம் தாங்கும்.

நெசவையும் அவர் வெளியே விடவில்லை. தன் பட்டறையிலேயே ஜக்கார்டு தறி வைத்தார். உலகிலேயே பெரிய ஜக்கார்டு தறி அது என்று அந்த நிறுவனம் பெருமையாகச் சொல்லிக்கொண்டது. ஒட்டுப் போடாமல், ஒரு முழுப் பதாகைக்கான பட்டை ஒரே துண்டாக நெய்ய வேண்டும் என்பதே நோக்கம். ஓரத்துக் கொடிக்கருக்கு வேலைப்பாடு தறியிலேயே விழுந்துவிடும். நடுவில் படத்துக்கு இடம் விட்டிருக்கும். அட்டை கோத்து, புட்டா எடுத்து, ஊடையில் சரிகை ஏற்றும் உங்களுக்கு அந்த அகலத்தில் ஒரே துண்டு என்றால் என்ன என்று தெரியும்.

பிறகு ஓவியர்கள் கை வைப்பார்கள். எழுத்துக்கு ஒருவர், சுருள் வேலைக்கு ஒருவர், முகத்துக்குக் கைதேர்ந்த ஒருவர் என்று வேலை பிரியும். தங்கத் தாள் ஒட்டுவார்கள். விளிம்பில் குஞ்சம் கட்டுவார்கள். சங்கங்களுக்கு அச்சிட்ட விலைப்பட்டியல் உண்டு. அதைப் பார்த்து, இந்தப் படம் வேண்டும், எங்கள் கிளையின் பெயர் இப்படி வர வேண்டும் என்று எழுதி அனுப்புவார்கள்.

இதைக் கேட்டதும் சிலர் ஒரு குறை சொல்வதுண்டு. கடையில் பட்டியல் பார்த்து வாங்கியது எப்படித் தொழிலாளியின் சொந்தக் கலையாகும்? பைபிள் கதையில் வரும் நல்ல சமாரியனின் அதே படம் தச்சர் பதாகையிலும் இருக்கிறது, ரயில்வேக்காரர் பதாகையிலும் இருக்கிறதே என்பார்கள். நான் அவர்களிடம் ஒன்று கேட்பேன். ஒரே புட்டா, ஒரே கரை நூறு புடவையில் விழுகிறது. அதனால் உங்கள் அம்மாவின் கல்யாணப் புடவை உங்கள் அம்மாவுடையது இல்லை என்று ஆகிவிடுமா? பதாகையின் மேல் ஓடும் நாடாவில் ஊர்ப் பெயரும் கிளைப் பெயரும் விழுந்த அந்த நொடியில், அது அந்த ஊர் மக்களுடையது ஆகிவிட்டது. புதுப் பதாகை விரிக்கும் நாள் ஊருக்குத் திருநாள். வாத்தியம் முழங்க, சந்தா கட்டியவர் ஒவ்வொருவரும் குடும்பத்தோடு வந்து பார்த்தார்கள்.

இரண்டு பக்கங்கள்

பதாகைக்கு இரண்டு பக்கம் உண்டு; இரண்டிலும் படம் உண்டு. இதை நாம் கவனிக்க வேண்டும். முன்பக்கம், எதிரே நின்று பார்க்கும் ஊருக்கு. பின்பக்கம், அதன் பின்னால் நடந்து வரும் உறுப்பினர்களுக்கு.

பல பதாகைகளில் ஒரு பக்கத்தில் சங்கத்தின் சின்னம் இருக்கும்: தராசு ஏந்திய நீதி, கதிரவன், தொழிற்கருவிகள், கம்பீரமான வாசகம். மறுபக்கத்தில் ஒரு சின்ன வீடு. படுக்கையில் அடிபட்ட மனிதன். பக்கத்தில் மனைவி, பிள்ளைகள். கதவருகே சங்கத்தின் ஆள் உதவித் தொகையோடு நிற்கிறார். அல்லது கணவனை இழந்த பெண்ணின் கையில் பணம் கொடுக்கப்படுகிறது. 1871இல் தொடங்கிய ரயில்வே ஊழியர் சங்கம் தன் அநாதைப் பிள்ளைகள் நிதிக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் பதாகையோடு ஊர்வலம் போனது. பெட்டிகளை இணைக்கும்போது நசுங்கிச் சாவது அந்தத் தொழிலில் வழக்கமான சாவாக இருந்தது. அந்தப் பதாகையின் பின்னால் நடந்த ஒவ்வொருவருக்கும், படத்தில் இருக்கும் விதவை நாளை தன் மனைவியாக இருக்கலாம் என்று தெரியும்.

1889இல் லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் எழுந்தபோது பதாகையின் முகம் மாறத் தொடங்கியது. ஆகஸ்ட் 14 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் ஐந்து வாரம் நடந்தது. கோரிக்கை எளிமையானது: ஒரு மணி நேரத்துக்கு 6 பென்ஸ். பென் டில்லெட், டாம் மான், ஜான் பர்ன்ஸ் ஆகியோர் தலைமையில் நாள்தோறும் ஊர்வலம். அன்றாடங்காய்ச்சிகளிடம் பட்டு ஏது? கம்பு நுனியில் நாறிய மீன் தலையையும் வெங்காயத்தையும் குத்தித் தூக்கிக்கொண்டு, முதலாளிகளின் அலுவலகங்கள் இருந்த வீதிகளில் நடந்தார்கள். இதுதான் எங்கள் சாப்பாடு, பாருங்கள் என்றார்கள். பதாகையின் வரலாற்றில் அந்த மீன் தலைக்கும் இடம் உண்டு. அவர்கள் வென்றார்கள். ஆஸ்திரேலியத் தொழிலாளர்கள் அனுப்பிய ஏறக்குறைய 30,000 பவுண்டு அந்த வெற்றிக்குத் தோள் கொடுத்தது.

அதன்பின் துறைமுகச் சங்கத்தின் ஏற்றுமதிக் கிளை ஒரு பதாகை செய்தது. அதில் ஹெர்குலிஸ் ஒரு பெரும் பாம்போடு மல்லுக்கட்டுகிறான். பாம்பு, முதலாளித்துவம். பழைய பதாகைகள் உழைப்புக்கும் முதலுக்கும் கைகுலுக்கி வைத்தன. இதில் கை பாம்பின் கழுத்தில் இருக்கிறது. ஓவியர் வால்டர் கிரேன் 1890களில் மே தினத்துக்காக வரைந்த சித்திரங்களிலிருந்து சிறகு விரித்த விடுதலைத் தேவதையும் உதிக்கும் கதிரவனும் பல பதாகைகளில் படி எடுக்கப்பட்டன. 1911இல் தேசியக் காப்பீட்டுச் சட்டம் வந்து நோய்க்கால உதவியை அரசு ஏற்கத் தொடங்கியபோது, படுக்கையில் கிடக்கும் தொழிலாளியின் படமும் மெல்லக் குறைந்தது. சங்கங்கள் பட்டில் எழுதிய வாக்கு நாட்டின் சட்டமாக ஏறியது என்றே நான் அதைப் படிக்கிறேன்.

ஒரு குறையை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் பதாகைகளில் பெண் எங்கே? நீதி பெண், அமைதி பெண், விடுதலை பெண். அழும் விதவையும் பெண். உழைக்கும் பெண்ணைக் காண்பது அரிது. 1888இல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலையில் ஏறக்குறைய 1,400 பெண்கள் வேலையை நிறுத்தி வென்றார்கள். 1910இல் கிராட்லி ஹீத் ஊரில் வீட்டுப் பின்கட்டில் சங்கிலி அடித்த பெண்கள், மேரி மக்கார்த்தரின் தலைமையில் பத்து வாரம் போராடி, தங்களுக்குச் சேர வேண்டிய குறைந்தபட்சக் கூலியை வாங்கினார்கள். தேவதையாக வரையப்பட்டவள், சுத்தியலோடு வந்து தன் இடத்தைக் கேட்டாள்.

அந்தத் தீப்பெட்டிப் பெண்களின் துயரை 1888இல் பத்திரிகையில் எழுதி வெளிக்கொண்டு வந்தவர் அன்னி பெசன்ட். பின்னாளில் நம் அடையாற்றுக்கு வந்தவர். அவருடைய பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி. பி. வாடியாதான் 1918 ஏப்ரல் 27 அன்று தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவரானார். திரு.வி.க. அதில் தோள் கொடுத்து உழைத்தார். லண்டனிலிருந்து சென்னை வரை ஒரு நூல் ஓடுவதை இதில் காணலாம். 1923 மே முதல் நாள், சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிச் செங்கொடி ஏற்றினார். வீட்டிலிருந்த சிவப்புச் சேலையைக் கிழித்தே அந்தக் கொடி செய்யப்பட்டதாகச் சொல்வார்கள். கையில் இருக்கும் நல்ல துணியை எடுத்துக் கொடுப்பது எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

சுரங்கம் மூடிய பிறகு

டூட்டிலின் சிட்டி ரோட்டுப் பட்டறை இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அழிந்தது. பழைய பதாகைகள் பல, அலுவலக நிலவறைகளிலும் பரண்களிலும் மடித்துப் போடப்பட்டு, மடிப்பு மடிப்பாகக் கிழிந்தன. ஸ்கிரீன் பிரிண்டிங் தொழில் செய்த ஜான் கார்மன் என்பவர் அவற்றைத் தேடித் தேடிப் பதிவு செய்து, 1973இல் ஒரு நூலாக்கினார். இன்று மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் 400க்கு மேற்பட்ட பதாகைகள் இருக்கின்றன. அங்கே பாதுகாப்புக் கலைஞர்கள் இழை இழையாக அவற்றைச் சீராக்குகிறார்கள்.

ஆனால் பதாகை உயிரோடு இருக்கும் இடம், நிலக்கரிச் சுரங்க வட்டாரமான டர்ஹாம். 1871 ஆகஸ்ட் 12 அன்று அந்த வட்டாரச் சுரங்கத் தொழிலாளர்கள் முதல் பெருவிழா எடுத்தார்கள். இப்போது ஜூலையில் இரண்டாவது சனிக்கிழமை. ஒவ்வொரு சுரங்க ஊரும் தன் பதாகையோடும் தன் பித்தளை வாத்தியக் குழுவோடும் நகருக்குள் நடந்துவரும். புதுப் பதாகைகளைப் பேராலயத்துக்குள் கொண்டுபோய் ஆசி பெறுவார்கள். சுரங்கங்கள் இயங்கிய காலத்தில், அந்த ஆண்டில் சுரங்கத்தில் யாராவது இறந்திருந்தால், அந்த ஊர்ப் பதாகையின்மேல் கறுப்புத் துணி போர்த்தியிருக்கும். யார் இறந்தார் என்று தெரியாதவர்களும் அந்தக் கறுப்பைக் கண்டதும் தொப்பியைக் கழற்றுவார்கள்.

அந்த நிலக்கரி வட்டாரத்தின் கடைசி ஆழ்சுரங்கம் 1993இல் மூடப்பட்டது. சுரங்கம் இல்லை, கூலி இல்லை, சந்தாவும் இல்லை. பதாகை மட்டும் வருகிறது. சுரங்கத்துக்குள் ஒரு நாளும் இறங்காத பேரப்பிள்ளைகள் கம்பம் பிடிக்கிறார்கள். பழையது நைந்த ஊர்களில் மக்கள் மறுபடியும் பணம் சேர்த்துப் புதியது செய்கிறார்கள். கேட்பதற்கு எதிரே ஒரு முதலாளி இல்லாதபோதும் அவர்கள் அதைத் தூக்குகிறார்கள் என்றால், அது கோரிக்கை மட்டுமாக என்றுமே இருந்ததில்லை. ஒருவருக்கொருவர் கொடுத்த வாக்கு, வேலை போன பிறகும் மிச்சம் இருக்கிறது.

நான் எங்கள் ஊர்வலங்களில் நடந்தவன். இன்று நாம் தூக்குகிற ஃபிளெக்ஸ் பேனருக்கு ஒரு பக்கம்தான். முன்னால் நம் கோரிக்கை பெரிய எழுத்தில் இருக்கும்; அது இருக்கத்தான் வேண்டும். பின்னால் நடந்து வருகிறவன் தலைநிமிர்ந்து பார்த்தால் வெறும் வெள்ளை. நோயில் கிடக்கும் தறிக்காரருக்கு நாம் என்ன செய்வோம், இறந்தவரின் பிள்ளையை யார் படிக்க வைப்பார்கள் என்று அவனுக்குச் சொல்ல அங்கே ஒன்றும் இல்லை.

இந்த ஊரில் பட்டு இருக்கிறது, தறி இருக்கிறது, கை இருக்கிறது. அடுத்த மே தினத்துக்கு நீங்கள் ஒரு பதாகை நெய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முன்பக்கத்தில் ஊருக்குச் சொல்ல வேண்டியதை எழுதுங்கள். பின்பக்கத்தில் என்ன எழுதுவது என்பதை முதலில் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிட்டு, பிறகு பாவு போடுங்கள்.